கறுப்புக் கோட்டுக்குக் கணக்குக் கேட்பது யார்?

எங்கள் பக்கத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை இன்றைக்கும் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் சொல்வார்கள். 1989-இல் புதுச் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் பழைய குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர் வாயைவிட்டுப் போகவில்லை. செஞ்சியிலோ மேல்மலையனூரிலோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்தால், அதற்கு வாலாக இன்னொரு வாக்கியமும் வரும்: "கவர்மெண்ட்டு காசு வாங்குற வரைக்கும் கேஸு, அப்புறம் ராஜியாயிடுவானுங்க." ஆதிக்கச் சாதிக்காரர் மட்டும் இதைச் சொல்வதில்லை. காவல் நிலையத்து ஏட்டு சொல்கிறார், ஊராட்சி எழுத்தர் சொல்கிறார். சில நேரம் நம் காலனிப் பெரியவர்களே சலிப்போடு சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல், மிரட்டுதல் போன்ற குற்றங்களுக்கு நிவாரணம் 1 லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அதில் 25 விழுக்காடு. குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 விழுக்காடு. விசாரணை நீதிமன்றம் தண்டனை கொடுத்தால்தான் மீதி 25. தமிழக அரசு 2021-இல் தொகைகளை உயர்த்தி, குறைந்தபட்சத்தை 1 லட்சமாகவும் அதிகபட்சத்தை 12 லட்சமாகவும் ஆக்கியது. ஆனால் தவணை தவணையாகக் கொடுக்கும் முறை மாறவில்லை. சாட்சிக்கூண்டில் ஏறும் நாளில் பாதிக்கப்பட்டவர் கையில் முக்கால் பங்கு ஏற்கெனவே வந்து செலவாகியும் போயிருக்கும். மீதிக் கால் பங்கு எப்போது வரும், வருமா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கால் பங்கைவிட ஒரு ரூபாய் கூடுதலாக எதிர்த்தரப்பு நீட்டினால், வழக்கு முடிந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கூலி வேலைக்குப் போகும் ஒருவர் தானாகப் போடுவதில்லை. அதைப் போட்டுக் காட்டி, எதிர்த்தரப்பிடம் பேசி, இரண்டு பக்கமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. நீதிமன்றத் தீர்ப்புகளில் அதற்கு ஒரே ஒரு வரிப் பதில்தான் இருக்கும்: 'அ.சா.1 பிறழ்சாட்சியாகக் கருதப்பட்டார்.' அந்த வரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்கத்தான் ஊர் ஊராகப் போகிறேன். செஞ்சி வட்டாரத்துக் காலனி ஒன்றில் நான் சந்தித்த ஓர் அண்ணன் கட்டட வேலை செய்பவர். ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனதற்காக அடிபட்டவர். ஊரையும் பெயரையும் அவர் எழுத வேண்டாம் என்றார். வழக்குப் பதிந்தபோதே உறவினர் ஒருவர் வக்கீல் ஒருவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். "நம்மாளுதான், பயப்படாத" என்றார்களாம். வக்கீல் நம் சமூகத்தவர்தான். முதல் தவணை வந்ததும் பாதியை வாங்கிக்கொண்டார். இரண்டாம் தவணையிலும் அப்படியே. எழுதாத பத்திரத் தாள்களில் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டார். அண்ணன் சாட்சி சொல்லப் போன நாளில் வராந்தாவில் வைத்து, "இருட்டுல யாரு அடிச்சதுன்னு தெரியலன்னு சொல்லிடு. மாத்திச் சொன்னா உம்மேலயே கேஸு வரும்" என்றாராம். எதிர்த்தரப்பு வக்கீல் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் இருவரும் ஒரே சீனியரிடம் தொழில் கற்றவர்கள்.

"காசு குடுத்ததுகூட பரவாயில்ல தம்பி. பொய்க் கேஸு போட்டவன்னு ஊருல பேரு வந்துடுச்சி" என்றார் அண்ணன். அவர் தலையில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த தொழில் ஒழுக்க விதிகளில் 20-ஆவது விதி, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, வழக்கில் கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது. நிவாரணத் தொகை வழக்கில் கிடைத்த பலன் அல்ல, அரசு தரும் உதவி என்று ஒரு வழக்கறிஞர் என்னிடம் வாதிட்டார். வன்கொடுமைக்கு ஆளானவரின் மருத்துவச் செலவுக்கும் கூலி இழப்புக்கும் வந்த பணத்தில் கமிஷன் எடுப்பது அதைவிடக் கேவலம் என்பதைத்தான் அந்த வாதம் நிறுவுகிறது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு வேலை செய்யக் கூடாது என்கிறது 33-ஆவது விதி. சாட்சியை மிரட்டிப் பிறழவைப்பது வெறும் ஒழுக்கக் கேடு அல்ல, தனிக் குற்றம்.

விதி இருக்கிறது. அதை அமல்படுத்துவது யார்?

அண்ணனுக்கு முன்னால் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல் பிடுங்கிய மருத்துவர் மீது வழக்குப் போடலாம், வழக்கைப் பிடுங்கிய வக்கீல் மீது போட முடியாது. வழக்கை நடத்திய நீதிபதியிடம் சொல்லலாம், ஆனால் அவரால் வழக்கறிஞரின் உரிமத்தில் கை வைக்க முடியாது. மிஞ்சுவது பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநில பார் கவுன்சிலுக்கு, சட்டத்தின் 35-ஆவது பிரிவின் கீழ் புகார் கொடுக்க வேண்டும். செஞ்சியிலிருந்து சென்னை போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். புகாரை உறுதிமொழியோடு முறைப்படி எழுத இன்னொரு வக்கீல் வேண்டும். தன் நீதிமன்றத்தில் தினமும் முகம் பார்க்கும் சக வக்கீல் மீது எந்த வக்கீல் எழுதித் தருவார்?

எப்படியோ எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று வையுங்கள். விசாரிப்பது மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு. இருவர் பார் கவுன்சில் உறுப்பினர்கள், மூன்றாமவர் அவர்கள் சேர்த்துக்கொள்ளும் மற்றொரு வழக்கறிஞர். பார் கவுன்சில் உறுப்பினர்கள் வழக்கறிஞர்களின் ஓட்டால் வருபவர்கள். அதாவது, நாளை யாரிடம் ஓட்டுக் கேட்கப் போக வேண்டுமோ அவரையே இன்று விசாரிக்க வேண்டும். அந்தத் தேர்தலில் சாதி வேலை செய்வதை எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். பட்டியல் சாதியினருக்கு அதில் சட்டப்படியான ஒதுக்கீடு ஒன்றும் கிடையாது. ஓராண்டுக்குள் புகாரை முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் அது தானாக இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்கிறது 36பி பிரிவு. தாமதத்துக்கு மருந்தாக எழுதப்பட்ட பிரிவு இது. செஞ்சிக்காரருக்கு அதன் பொருள், சென்னையில் இழுத்தடித்தால் புகார் டெல்லிக்குப் போய்விடும் என்பதுதான். இந்தக் கெடுவை ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே பார் கவுன்சில்களுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது.

இரண்டு செய்திகளை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் கேட்ட இளம் வழக்கறிஞர்களில் பலருக்கே இவை தெரியவில்லை. ஒன்று, புகாரை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றில்லை. மாநில மொழியில் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பது பார் கவுன்சிலின் வேலை. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்த விதி: புகார்தாரர் ராஜியாகிவிட்டார், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது. ராஜி செய்தே பிழைக்கும் ஒருவர் மீதான புகாரை ராஜி செய்து முடிக்க முடியாது. எழுதியவர்கள் நம் ஊரைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்னவோ.

சரி, பார் கவுன்சில் செய்யாவிட்டால் நீதிமன்றமே செய்யட்டும் என்று ஒரு பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை முயன்றும் பார்த்தார்கள். 2016 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் சட்டத்தின் 34-ஆவது பிரிவின் கீழ் புது விதிகளை அறிவித்தது. நீதிபதி பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால், ஆவணங்களைத் திருத்தினால், நீதிமன்ற வளாகத்தில் ஊர்வலம் போனால், நீதிபதியை மிரட்டினால், உயர் நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோ அந்த வழக்கறிஞரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கலாம் என்றது. மாநிலம் முழுக்க வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 25-இல் உயர் நீதிமன்ற முற்றுகை. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. கடைசியில் 2019 ஜனவரி 28-இல், முத்துகிருஷ்ணன் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலின் அதிகாரம், அதை உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பணம் வாங்குவதையும் ஊர்வலம் போவதையும் ஒரே பட்டியலில் வைக்கும் விதி யாருக்கு எதிராக முதலில் பாயும் என்று நமக்குத் தெரியும். ஈழப் படுகொலைக்கு எதிராக வழக்கறிஞர்கள் போராடிக்கொண்டிருந்த 2009-இல், பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே காவல்துறை அவர்களை அடித்து மண்டை உடைத்தது. நீதிபதி ஒருவருக்கும் அடி விழுந்தது. அதிகாரத்தை எதிர்த்து வாதாடும் ஒருவரின் உரிமம், அதே அதிகாரத்தின் கையில் இருக்கக் கூடாது. மேலவளவு வழக்கிலும் கண்ணகி-முருகேசன் வழக்கிலும் விடாமல் நின்ற பொ.இரத்தினம் போன்ற ஒருவரை எந்த நீதிபதி வேண்டுமானாலும் வாசலில் நிறுத்திவிட முடியும் என்றால், அந்த வழக்குகளின் கதி என்ன ஆகியிருக்கும்? 2003-இல் புதுக்கூரைப்பேட்டையில் காதில் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. 18 ஆண்டுகள். தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். சுதந்திரமான வழக்கறிஞர் என்பது நமக்கு ஓர் ஆடம்பரம் அல்ல.

ஆனால் 2019-க்குப் பிறகு என்ன நடந்தது? 'எங்களை நாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வோம்' என்று வாதிட்டு வென்றவர்கள் அந்த வேலையைச் செய்தார்களா? வழக்கறிஞர் சங்கங்கள் எதற்காகவெல்லாம் நீதிமன்றத்தைப் புறக்கணித்தன என்று யோசித்துப் பாருங்கள். 2017-இல் வெளியான சட்ட ஆணையத்தின் 266-ஆவது அறிக்கை, 2011 முதல் 2016 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் 687 நாட்களும், நம் பக்கத்துக் கடலூரில் 461 நாட்களும் புறக்கணிப்பில் போனதாகச் சொல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 220 வேலை நாட்கள்தான். இந்த நாட்களில் ஒரே ஒரு நாளாவது, வன்கொடுமை வழக்கின் சாட்சியைப் பிறழவைத்த வக்கீலைக் கண்டித்து இருந்திருக்குமா? அந்த அறிக்கை பரிந்துரைத்த சீர்திருத்தங்களையும் வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்த மசோதா வரைவும் எதிர்ப்பால் திரும்பிப் போனது. அரசு நியமன ஆட்களைப் பார் கவுன்சிலுக்குள் திணிக்கப் பார்த்ததால் அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. எதிர்ப்பு முடிந்த மறுநாள் எல்லாரும் பழையபடி வராந்தாவுக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இனி நம் தோழர்களோடு எனக்கு இருக்கும் ஒரு சண்டை. சாதி ஆணவக் கொலை ஒன்று நடந்தவுடன், 'கொலைகாரனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது' என்று பதிவு போடுகிறோம். அப்படித் தீர்மானம் போடும் சங்கத்தைப் பாராட்டுகிறோம். 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு ஆஜராக மாட்டோம் என்று உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் சங்கம் அறிவித்தது. நீதிமன்ற வளாகத்திலேயே அவர்களுக்கு அடி விழுந்தது. அன்றைக்கு நாடே கைதட்டியது. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, அதுவும் நம் கோவை வழக்கில். காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் வந்தபோது, காவலர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை பார் சங்கம் போட்ட தீர்மானம் அது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்று தன் மனதில் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கிறது 15-ஆவது விதி.

இதை நான் சாதிவெறியர்கள் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்கு வக்கீல் கிடைக்காமல் போனதே இல்லை. அவர்களுக்குப் பணம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, பின்னால் கட்சி இருக்கிறது. 'இவனுக்கு எவனும் ஆஜராகாதே' என்ற தீர்மானம் உண்மையில் யாரை வதைக்கும்? திருட்டு வழக்கில் பிடித்துவரப்பட்ட இருளர் பையனை. ஊர்க் கோயிலுக்குள் நுழைந்ததற்காக எதிர் வழக்கு போடப்பட்ட காலனி இளைஞர்களை. அந்த ஆயுதத்தை நாம் கூர்தீட்டிக் கொடுக்கக் கூடாது. அம்பேத்கர் தன் தொழிலின் தொடக்கத்தில், 'தேசத்தின் எதிரிகள்' என்ற நூலுக்காகத் தண்டிக்கப்பட்ட பார்ப்பனரல்லாத இயக்கத்தாருக்காக மேல்முறையீட்டில் வாதாடி விடுவித்தார். பின்னர், ஆபாசம் எழுதியதாக வழக்குப் போடப்பட்ட ஆர்.டி.கார்வேவுக்காகவும் வாதாடினார். ஊரே வெறுத்தவர்களுக்காக நின்ற வழக்கறிஞர் அவர்.

ஆக, சாதிவெறியனுக்கு வக்கீல் ஆஜராவது ஒழுக்கக் கேடு அல்ல. ஆஜரான வக்கீல் சாட்சியின் வீட்டுக்கு ஆள் அனுப்புவதுதான் ஒழுக்கக் கேடு. இந்த வேறுபாட்டை நாம் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கில் அரசு சிறப்பு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞரும் சேர்ந்து முக்கிய சாட்சி ஒருவரை வளைக்கப் பார்த்ததை 2007-இல் தொலைக்காட்சி ரகசியமாகப் படம்பிடித்து வெளியிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அங்கே கேமரா இருந்தது. நம் வட்டார நீதிமன்ற வராந்தாவில் வேப்பமரம்தான் இருக்கிறது.

அந்த டெல்லி வழக்கில் அரசு வழக்கறிஞரும் இருந்ததைக் கவனியுங்கள். நாம் பேசத் தயங்கும் இடம் அது. நிரபராதி தண்டிக்கப்படும்படி அரசு வழக்கறிஞர் நடந்துகொள்ளக் கூடாது என்று 16-ஆவது விதி சொல்கிறது. குற்றவாளி தப்பும்படி நடந்துகொண்டால் என்ன செய்வது என்பதை வன்கொடுமைத் தடுப்பு விதிகள் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன. 4-ஆவது விதியின்படி சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை மாவட்ட ஆட்சியரும் அரசுத் தரப்புப் பொறுப்பாளரும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், மதிப்பிட வேண்டும். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தனக்கு நம்பிக்கையான மூத்த வழக்கறிஞரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். இதைக் கேட்டு வாங்கிய ஒரு தாயை நமக்கெல்லாம் தெரியும். கோகுல்ராஜின் அம்மா சித்ரா, அரசு வழக்கறிஞரை மாற்றக் கோரியும் வழக்கை நாமக்கல்லிலிருந்து மாற்றக் கோரியும் விடாமல் நின்றார். 2019-இல் வழக்கு மதுரைக்குப் போனது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். முக்கிய சாட்சியே பிறழ்ந்த பிறகும் சி.சி.டி.வி. பதிவு உள்ளிட்ட ஆதாரங்களை அடுக்கி, 2022 மார்ச்சில் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. சாட்சி பிறழ்ந்தால் வழக்கு செத்தது என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய பதில் கிடையாது. வழக்கறிஞர் மாறியதால் வழக்கே மாறியது. அந்த 4-ஆவது விதியைப் பற்றி என் ஆய்வில் பேசிய குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட யாரும் சொல்லியிருக்கவில்லை.

இருளர்களிடம் வந்தால் ஒழுக்கக் கேட்டின் வடிவமே வேறு. அங்கே நிவாரணமும் இல்லை, கமிஷனும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். துப்புக் கிடைக்காத திருட்டு வழக்குகளில் ஆள் கணக்கு முடிக்க இருளர் குடியிருப்புக்குப் போவது இந்த மாவட்டத்தில் நீண்ட பழக்கம். 1993-இல் திருட்டு விசாரணை என்று வந்த புதுச்சேரி காவலர்களால் அத்தியூரில் ஓர் இருளர் பெண் வன்கொடுமைக்கு ஆளானார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் பேராசிரியர் கல்யாணி போன்றவர்களின் முயற்சியில் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 2011 நவம்பரில் திருக்கோவிலூரில் நான்கு இருளர் பெண்களுக்கு நடந்ததும் திருட்டு விசாரணையின் பெயரில்தான். இப்படிப் பிடித்துவரப்படும் பையனுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் வருவார். பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அந்த உரிமை உண்டு. வந்தவர் கோப்பைப் படிக்காமலேயே, "ஒத்துக்க, உள்ள இருந்த நாளக் கழிச்சிடுவாங்க, சாயந்தரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்பார். பையன் ஒத்துக்கொள்வான். வீட்டுக்கும் போவான். அன்றைக்கு நடந்தது என்னவென்று அடுத்த திருட்டு நடக்கும்போதுதான் அவனுக்குப் புரியும். இப்போது அவன் 'பழைய குற்றவாளி'.

அந்த வக்கீல் பணம் வாங்கவில்லை, பொய் சொல்லவில்லை, யாரையும் மிரட்டவில்லை. படிக்கவில்லை, அவ்வளவுதான். பார் கவுன்சிலில் இதை எந்த விதியின் கீழ் புகார் செய்வது? புகார் செய்யத் தெரிந்தவனாக இருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டானே.

இந்த இடத்தில், சொல்லாமல் விட்டால் நியாயமாகாத ஒன்று உண்டு. நான் பார்த்த கமிஷன் சங்கிலியின் கடைசிக் கண்ணி பெரும்பாலும் நம் வீட்டிலிருந்து படித்துவந்த முதல் தலைமுறை ஜூனியர்தான். அலுவலகம் கிடையாது. சீனியர் பெட்ரோலுக்குக் கொடுப்பதே பெரிது. சொத்து வழக்கோ வணிக வழக்கோ அவனைத் தேடி வராது. அவனிடம் வரும் ஒரே வழக்கு காலனி வழக்கு. அதை ராஜியாக்கித் தந்தால் பங்கு வரும். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அதைக் கொடுக்கும் ஒரு சீனியரை எங்கள் பக்கத்தில் காட்டினால் நான் சால்வை போடுகிறேன். இதனால் அந்த ஜூனியர் செய்வது சரியாகிவிடாது. ஆனால் அவன் ஒருவனின் உரிமத்தை மட்டும் பிடுங்கிவிட்டு, அவனை அனுப்பிய சீனியரையும் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவரையும் விட்டுவிடும் ஒழுங்கு நடவடிக்கை இன்னொரு சாதி விளையாட்டாகவே முடியும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் கூட்டம் கூடியிருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சொல்கிறார்கள். ஒரு சாதியின் பெயரைத் தாங்கிய சக்கிலிதுர்க்கம் என்ற சிறு குன்றை யாரும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. கண் முன்னால் இருந்தும் கணக்கில் வராதவை இந்த ஊரில் நிறைய. பார் கவுன்சில் விதிகளும் அப்படித்தான் கிடக்கின்றன.

என்ன செய்யலாம்? ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வழக்கறிஞர் அல்லாதவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் தொழிலுக்கு வெளியே இருந்து வரும் உறுப்பினர்களும் அமர்கிறார்கள். அதனால் அந்த நாட்டு வழக்கறிஞர்களின் சுதந்திரம் பறிபோய்விடவில்லை. அரசு நியமிக்கும் ஆளை ஏற்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் ஒருவரை ஏன் ஏற்கக் கூடாது? இது சட்டத் திருத்தம், காலமாகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் பார் கவுன்சில் புகாரைத் தமிழில் எழுதிப் பெற்று அனுப்பும் ஒரு மேசையைப் போடச் சொல்லலாம். வேறு மாவட்ட வழக்கறிஞரைக் கொண்டு எழுதவைத்தால், முகம் பார்க்கும் பயமும் இருக்காது. நிவாரணப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்போதே, 'இதில் வழக்கறிஞர் உட்பட யாருக்கும் பங்கு கிடையாது' என்று தமிழில் ஒரு தாளைச் சேர்த்துக் கொடுக்க ஆதிதிராவிடர் நலத்துறைக்கு என்ன செலவாகிவிடும்? தண்டனை வரைக்கும் நிறுத்திவைக்கும் அந்தக் கால் பங்கையும், தீர்ப்பு எதுவானாலும் சாட்சியம் முடிந்த அன்றே தர வேண்டும் என்று இயக்கங்கள் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் சாட்சிக்கூண்டில் ஏறும் முன், அவரைத் தனியாக அழைத்து யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாப்பதற்கென்றே எழுதப்பட்டது. பிணை மனுவில் அவருக்கு அறிவிப்புத் தருவது கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பிரிவை வைத்துத்தான்.

மாவட்ட அளவிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்சியர் தலைமையில் கூட வேண்டும். 17-ஆவது விதி. அதில் உறுப்பினராக இருக்கும் நம் அமைப்புத் தோழர்கள் எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை பேருக்கு நிவாரணம் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை வழக்குகளில் முதல் சாட்சி பிறழ்ந்தார், அந்த வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு ஆஜரானவர் யார், ஜனவரி-ஜூலை மதிப்பீட்டில் அரசு வழக்கறிஞருக்கு என்ன எழுதப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பார் கவுன்சிலுக்குப் போக வேண்டிய புகாரை அந்தக் குழுவே எழுதலாம். தனி ஆள் பயப்பட வேண்டியதில்லை.

பார் கவுன்சிலுக்கான புகார் மாதிரி ஒன்றை, எளிய தமிழில், இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சென்னையில் தொழில் செய்யும் வழக்கறிஞர் தோழர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். செஞ்சி, திண்டிவனம், மேல்மலையனூர் பக்கத்தில் வாசகர் வட்டமோ இரவுப் பள்ளியோ நடத்தும் தோழர்கள் கேட்டால் படி எடுத்துத் தருகிறேன். அந்த அண்ணன் ஒரு படி வாங்கி வைத்திருக்கிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.